பிரதமர்கள் பயிற்சி எடுத்த திடல்

2022 நவம்பர் பொதுத்தேர்தலில் ஜெலாப்பாங்காரர்களான எங்களுக்கு எங்கள் தொகுதியைவிடப் பக்கத்துத் தொகுதிதான் பெரிய வேடிக்கை. மஞ்சோய் பக்கம் மோட்டார் சைக்கிளைத் திருப்பினால் போதும், தம்புன் நாடாளுமன்றத் தொகுதி வந்துவிடும். சாலை நெடுகக் கொடிகள். நான்குமுனைப் போட்டி என்றாலும் எல்லார் கண்ணும் இருவர் மேல்தான். ஒருவர் அன்வார் இப்ராஹிம். இன்னொருவர் நம் மாநிலத்தின் முன்னாள் மந்திரி பெசார் அமாட் ஃபைசால் அசுமு.

வானொலியில் தேர்தல் இரவு நேரலைக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. ஃபைசால் அப்போது இளைஞர், விளையாட்டுத் துறை அமைச்சர். அன்வாரோ முப்பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பு, 1983-ல், அதே நாற்காலியில் அமர்ந்தவர். ஆக, தம்புனில் மோதிக்கொண்டது ஒரு பழைய விளையாட்டு அமைச்சரும் ஒரு நடப்பு விளையாட்டு அமைச்சரும்தான். பழையவர் 3,736 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். ஐந்தாவது நாள் பிரதமரானார்.

அன்று பிடித்த ஆர்வம் இன்னும் விடவில்லை. அந்த அமைச்சில் இருந்தவர்களின் பெயர்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். நஜிப் ரசாக் இருக்கிறார். முஹிடின் யாசின் இருக்கிறார். இஸ்மாயில் சப்ரி இருக்கிறார். அன்வாரையும் சேர்த்தால் இந்த நாட்டில் பிரதமரான ஒன்பது பேரில் நான்கு பேர், பிரதமராவதற்கு முன் விளையாட்டு அமைச்சர்களாக இருந்தவர்கள். கல்வி அமைச்சுதான் பிரதமர் பதவிக்குப் படிக்கட்டு என்று நம் ஊர்க் காப்பிக் கடைகளில் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் அந்தப் படிக்கட்டுக்கும் கீழே ஒரு படி இருக்கிறது. அன்வார், நஜிப், முஹிடின் மூவருமே விளையாட்டு அமைச்சைத் தாண்டித்தான் கல்வி அமைச்சுக்குப் போனார்கள்.

அமைச்சரவைப் பட்டியலை வானொலியில் வாசித்தவர்களுக்குத் தெரியும். நிதி, தற்காப்பு, உள்துறை என்று வரும்போது குரலில் தானாக ஒரு கனம் ஏறும். இளைஞர், விளையாட்டு என்று வரும்போது மூச்சு வாங்கிக்கொள்ளலாம். பட்டியலில் எங்கோ கீழே இருக்கும் அந்தப் பெயரைத்தான் உற்றுக் கேட்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அடுத்த இருபது ஆண்டு அரசியல் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

தொடக்கம் அப்படியில்லை. 1964-ல் இந்த அமைச்சு உருவானபோது அதன் பெயர் கலாசாரம், இளைஞர், விளையாட்டு அமைச்சு. மலேசியா பிறந்து ஓராண்டுகூட ஆகவில்லை. இந்தோனேசியாவுடன் மோதல் நடந்துகொண்டிருந்த நேரம். பல இனப் பிள்ளைகளை ஒரே கொடியின் கீழ் நிற்க வைக்க வேண்டிய அவசரம் அரசாங்கத்துக்கு இருந்தது. அந்த இலாகாவைப் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானே கையில் வைத்துக்கொண்டார். காற்பந்து என்றால் துங்குவுக்கு உயிர். மலாயா காற்பந்துச் சங்கத்தின் தலைவர் அவர்தான், 1958 முதல் ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் தலைவரும் அவர்தான். மெர்டேக்கா கிண்ணப் போட்டியும் அவர் காலத்தில் வந்தது. அவரைப் பொறுத்தவரை இந்த நாற்காலி ஏணியில்லை. ஏற வேண்டிய இடத்துக்கு அவர் ஏற்கெனவே ஏறி முடித்துவிட்டார். பிடித்த வேலை என்பதால் வைத்துக்கொண்டார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அமைச்சுக்கு இரண்டு வயது ஆனபோது, 1966-ல், பேங்காக்கில் ஆசிய விளையாட்டுப் போட்டி. டாக்டர் எம். ஜெகதீசன் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 மீட்டர் அஞ்சல் ஓட்டம் என மூன்று தங்கம் வாங்கினார். எம். ராஜமணி 400 மீட்டரில் தங்கம் வாங்கினார். இருவருமே நம் பேராக் மண்ணில் பிறந்தவர்கள். நாட்டின் சிறந்த விளையாட்டு வீரர், வீராங்கனை விருது அந்த ஆண்டுதான் முதன்முதலாகக் கொடுக்கப்பட்டது. இரண்டையும் வாங்கியவர்கள் இவர்கள் இருவர். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஜெகதீசன் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனையை 2017-ல்தான் இன்னொரு மலேசியரால் உடைக்க முடிந்தது. நாற்பத்தொன்பது ஆண்டுகள்! அவர் ஓடிய காலத்தில் தேசிய விளையாட்டு மன்றம் இல்லை, விளையாட்டுக் கழகம் இல்லை, ஊட்டச்சத்து நிபுணர் இல்லை, மாதாந்திர உதவித்தொகை இல்லை.

அதற்காக அமைப்புகளே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 1971-ல் தேசிய விளையாட்டு மன்றச் சட்டம் வந்தது. மறு ஆண்டு மன்றம் இயங்கத் தொடங்கியது. அமைச்சராக இருந்தவர் ஹம்சா அபு சாமா, பின்னாளில் துங்குவைப் போலவே ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் தலைவரானவர். அதே 1972-ல்தான் நம் காற்பந்துக் குழு எம். சந்திரன் தலைமையில் மியூனிக் ஒலிம்பிக்குக்குப் போய் அமெரிக்காவை 3-0 என்று தோற்கடித்தது. இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள்.

எண்பதுகளில் இந்த நாற்காலியின் குணம் மாறுகிறது. இடையில் ஒரு விபரீதமும் நடந்தது. அமைச்சர் மொக்தார் ஹாஷிம், நெகிரி செம்பிலான் சட்டமன்றச் சபாநாயகர் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில் 1982-ல் கைதாகி, மறு ஆண்டு குற்றவாளியாகத் தீர்ப்பளிக்கப்பட்டார். விளையாட்டு அமைச்சின் வரலாற்றைச் சொல்லும்போது இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். நானும் இதற்கு மேல் சொல்லவில்லை. அவருக்குப் பின் வந்தவர்தான் அன்வார், அப்போது அம்னோ இளைஞர் பிரிவுத் தலைவர். 1986-ல் நஜிப் வந்தார். மறு ஆண்டு அவரும் அம்னோ இளைஞர் பிரிவுத் தலைவர். அந்த 1987-லேயே கலாசாரம் பிரிந்து சுற்றுலாவோடு சேர்ந்துகொள்ள, இது வெறும் இளைஞர், விளையாட்டு அமைச்சானது.

பெயரில் எது முதலில் வருகிறது என்று கவனியுங்கள். இளைஞர்தான் முதலில், விளையாட்டு பின்னால். கட்சியின் இளைஞர் பிரிவை நடத்துகிறவருக்கு நாட்டின் இளைஞர்களையும் நடத்தக் கொடுப்பது எழுதாத வழக்கமானது. ஹிஷாமுடின் ஹுசேன் 1999-ல் வந்தபோது இளைஞர் பிரிவுத் தலைவர். கைரி ஜமாலுடின் 2013-ல் வந்தபோதும் அப்படியே. 2004-ல் வந்த அஸாலினா ஒத்மான், முதல் பெண் அமைச்சர், புத்ரி அம்னோவை வழிநடத்தியவர். 2018-ல் ஆட்சியே மாறியது, வழக்கம் மாறவில்லை. பெர்சத்துவின் இளைஞர் பிரிவுத் தலைவர் சைட் சாடிக் இருபத்தைந்து வயதில் அமைச்சரானார்.

குடும்பத்தையும் பாருங்கள். நஜிப் இரண்டாவது பிரதமரின் மகன். ஹிஷாமுடின் மூன்றாவது பிரதமரின் மகன். கைரி ஐந்தாவது பிரதமரின் மருமகன். இது மலேசியாவுக்கு மட்டும் உரியதில்லை. தமிழ்நாட்டில் தி.மு.க. இளைஞர் அணிச் செயலாளராக இருந்த உதயநிதி ஸ்டாலின் 2022 டிசம்பரில் முதன்முதலாக அமைச்சரானபோது கிடைத்தது இளைஞர் நலன், விளையாட்டு மேம்பாட்டுத் துறைதான். இரண்டே ஆண்டுக்குள் துணை முதல்வர். இலங்கையில் 2020-ல் நாமல் ராஜபக்சவுக்குக் கிடைத்ததும் இளைஞர், விளையாட்டு. கடல் தாண்டினாலும் கணக்கு ஒன்றுதான். வாரிசுக்கு நிதியமைச்சைக் கொடுத்தால் ஊர் பேசும். விளையாட்டைக் கொடுத்தால் யாரும் பேசமாட்டார்கள். ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒரு மைதானத்தில் கிண்ணம் கொடுக்கலாம், படம் பிடிக்கலாம், இளைஞர் கூட்டம் கைதட்டும். தோற்றால் பயிற்றுநரைக் கேட்பார்கள்.

ம.இ.கா.வுக்கு இத்தனை ஆண்டுகளில் தொழிலாளர், பொதுப்பணி, மனிதவளம், சுகாதாரம் எல்லாம் கிடைத்திருக்கிறது. இந்த நாற்காலி கிடைத்ததில்லை. பிரதமர் கட்சியின் இளைஞர் பிரிவுக்கு ஒதுக்கி வைத்த இடத்துக்கு நம்மவர் எப்படிப் போக முடியும்? அதிகபட்சம் துணையமைச்சர். நம் தாப்பா நாடாளுமன்ற உறுப்பினர் எம். சரவணன் 2013-ல் அந்தப் பொறுப்புக்கு வந்தார்.

இவர்களெல்லாம் சும்மா இருந்துவிட்டுப் போனார்கள் என்றால் அது அநியாயம். நஜிப் காலத்தில், 1988-ல், தேசிய விளையாட்டுக் கொள்கை வந்தது. ஜொகூர் மந்திரி பெசாராக இருந்த முஹிடின் 1995-ல் இந்த அமைச்சுக்கு வர, இங்கே இருந்த அப்துல் கனி ஒத்மான் ஜொகூர் மந்திரி பெசாராகப் போனார். இருவரும் நாற்காலியை மாற்றிக்கொண்டது போல. அந்த முஹிடின் காலத்தில்தான் 1997 விளையாட்டு மேம்பாட்டுச் சட்டம் வந்தது, 1998-ல் கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியும் நடந்தது.

அந்தப் போட்டி என் வயதுக்காரர்களுக்கு மறக்காது. ஆசியாவில் நடந்த முதல் காமன்வெல்த் போட்டி. வீட்டுத் தொலைக்காட்சி முன்னால் தெருவே கூடியிருந்தது. ஜி. சரவணன் 50 கிலோமீட்டர் நடைப்போட்டியில் தங்கம் வாங்கியபோது, ஓடாமல் நடந்தே தங்கம் வாங்கலாமா என்று என் பாட்டி ஆச்சரியப்பட்டார். தோட்டத்தில் தினமும் நடந்த தூரத்துக்குத் தனக்கு எத்தனை தங்கம் வர வேண்டும் என்றும் கணக்குக் கேட்டார். போட்டி முடிய ஒரு நாள் இருந்தபோது, செப்டம்பர் 20-ல், அன்வார் கைதானார். மறுநாள் நிறைவு விழா. ஒரு முன்னாள் விளையாட்டு அமைச்சர் காவலில் இருக்க, நடப்பு அமைச்சர் போட்டியை முடித்து வைக்க வேண்டியிருந்தது. இருவருமே பின்னாளில் பிரதமரானார்கள்!

கைரி காலத்தில் 2015 முதல் அக்டோபரில் தேசிய விளையாட்டு நாள் வந்தது. ரியோ ஒலிம்பிக்கில் நான்கு வெள்ளி, ஒரு வெண்கலம் கிடைத்தன. பிறகு ஆரம்பித்தது நாற்காலி ஓட்டம். 2018 மே முதல் 2022 டிசம்பர் வரையிலான நாலரை ஆண்டில் கைரி, சைட் சாடிக், ரீசால் மெரிக்கான், ஃபைசால், ஹன்னா இயோ என்று ஐந்து பெயர்களை நாங்கள் வானொலியில் சொல்லியிருக்கிறோம். 2021 தோக்கியோ ஒலிம்பிக்கின்போது ரீசால் அமைச்சர். அதே நகரில் அடுத்துத் தொடங்கிய பாராலிம்பிக் முடிவதற்குள் ஃபைசால் பதவியேற்றுவிட்டார். ஓர் ஓட்டக்காரரை உருவாக்க எட்டு முதல் பத்து ஆண்டு ஆகும் என்பார்கள் பயிற்றுநர்கள். அமைச்சருக்கு இரண்டாண்டுகூட இல்லை. நாற்காலியில் இருப்பவர் அடுத்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருப்பதன் விலை இதுதான் என்று எனக்குப் படுகிறது. பத்து ஆண்டில் பலன் தரும் வேலையை யாரும் தொடமாட்டார்கள். அடுத்த சீ விளையாட்டுப் போட்டிக்குள் பலன் தருவதைத்தான் தொடுவார்கள்.

சைட் சாடிக் காலத்தில் இன்னொன்றும் நடந்தது. சட்டப்படி இளைஞர் என்பவரின் வயது வரம்பை 40-லிருந்து 30 ஆகக் குறைக்க 2019-ல் நாடாளுமன்றம் திருத்தம் செய்தது. முப்பதைத் தாண்டிய என்னைப் போன்றவர்கள் பாடு திண்டாட்டம்தான். அதை விடுங்கள்.

இப்போது ஜெலாப்பாங்குக்கு வருகிறேன். நிகழ்ச்சிக்கு அழைக்கும் நேயர்கள் விளையாட்டு என்றதும் பேசுவது பதக்கங்களைப் பற்றி இல்லை. 'எங்கள் தாமான் திடலில் விளக்கு எரியவில்லை', 'பையன் நன்றாக ஓடுகிறான், யாரிடம் போவது', 'சுக்மாவில் சிலம்பம் உண்டா இல்லையா', இப்படித்தான். கடைசியில் எல்லாரும் ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள்: 'விளையாட்டு அமைச்சர் என்னதான் செய்கிறார்?'

இந்தக் கேள்விகளில் பாதிக்கு அவரிடம் பதிலே இல்லை என்பதுதான் வேடிக்கை. பள்ளிக்கூட விளையாட்டு கல்வி அமைச்சின் கீழ். தாமான் திடல் ஊராட்சி மன்றத்தின் கீழ். மாநிலக் குழுக்களை மாநில விளையாட்டு மன்றம் பார்க்கிறது. அதற்கு மேலே மாநில ஆட்சிக்குழு உறுப்பினர் ஒருவர் இருக்கிறார். ஒலிம்பிக் மன்றம் தனி, தேசியச் சங்கங்கள் தனி. பதினேழு வயது வரைக்கும் ஒரு பிள்ளை பெரும்பாலும் விளையாட்டு அமைச்சரின் கைக்கு எட்டாத தூரத்தில்தான் விளையாடுகிறது. அவர் கண்ணில் படும்போது அது பதக்கத்துக்குத் தயாராகியிருக்க வேண்டும்.

என் அப்பா சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் வளர்ந்தவர். அங்கே அமைச்சரைத் தெரியாது, ஆனால் திடல் இருந்தது. லயத்துக்கும் ஆபீசுக்கும் நடுவில், கோயிலுக்குப் பக்கத்தில், பச்சைப்பசேல் என்று. மாலை நாலு மணிக்குப் பால் வேலை, புல் வேலை எல்லாம் முடிந்து பெரியவர்கள் இறங்குவார்கள். ஆறு மணிவரை பந்து. வெறுங்கால்தான். தோட்டத்துக்குத் தோட்டம் போட்டி நடக்கும், தீபாவளிக்குச் சடுகுடு. கிராணி ஒருவர் நடுவர். அவர் ஊதினால் மறுபேச்சில்லை. கம்பெனி கருணையால் கொடுத்த திடல் இல்லை அது. வேலைக்காரர்கள் தோட்டத்தை விட்டுப் போகாமல் இருக்க அதுவும் ஒரு வழி. ஆனாலும் திடல் திடல்தானே. புல் வெட்டியிருக்கும், கோல் கம்பம் நிற்கும், பிள்ளைக்குக் காசு தேவையில்லை.

தோட்டம் விற்றுப் போனபோது திடலும் நிலத்தோடு போனது. வீட்டுக்கு நஷ்டஈடு கேட்டுப் போராடினார்கள், கோயிலுக்கு மாற்று இடம் கேட்டார்கள், தமிழ்ப்பள்ளிக்குக் கேட்டார்கள். திடலுக்கு மாற்றுத் திடல் வேண்டும் என்று கேட்டதாக அப்பாவுக்கு ஞாபகமில்லை. சோறும் கூரையும் போகும்போது யார் புல்லைப் பற்றிப் பேசுவார்கள்? ஆனால் பட்டணத்துக்கு வந்து மலிவு வீடுகளில் குடியேறியபோதுதான், மாலை நாலு மணிக்குப் பையன்கள் போக இடமில்லை என்பது தெரிந்தது. அந்த நேரத்தில் நிறையப் பேர் வேறு இடங்களுக்குப் போகப் பழகினார்கள். அந்தக் கதை உங்களுக்கும் தெரியும், என்னைச் சொல்ல வைக்காதீர்கள்.

ஜெலாப்பாங்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு திடல் உண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், எல்லாரும் சார் என்றுதான் கூப்பிடுவோம், வாரத்தில் மூன்று மாலை இருபது பிள்ளைகளுக்கு ஓட்டமும் காற்பந்தும் சொல்லிக்கொடுக்கிறார். காசு வாங்குவதில்லை. விளக்கு போடச் சொல்லி இரண்டு ஆண்டுகளாக மனு எழுதுகிறார். ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் காட்டும், அது மூன்றாவதைக் காட்டும். மூன்றாவது அலுவலகத்தில் ஒருநாள் ஓர் அம்மா, மலாய்க்காரர், நிதானமாக உட்கார வைத்துச் சொன்னாராம்: 'சார், உங்கள் குழு பதிவு பெற்றதா? பெயர் இல்லாத குழுவுக்கு நான் எந்தக் கோப்பில் விளக்கு போடுவது?'

சார் அதைப் பிடித்துக்கொண்டார். 1997 சட்டப்படி விளையாட்டுக் குழுக்கள் விளையாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிய வேண்டும். பதிந்தால்தான் உதவி கேட்கலாம், போட்டி நடத்தலாம். இளைஞர் சங்கம் என்றால் அதற்குத் தனிப் பதிவு உண்டு. மாவட்டத்துக்கு மாவட்டம் அமைச்சின் அலுவலகம் இருக்கிறது, அங்கே போய்க் கேட்டால் வழி சொல்கிறார்கள். நாம் என்ன செய்கிறோம்? கோயில் திருவிழாவுக்குக் குழு அமைத்தால் தலைவர், செயலாளர், பொருளாளர், கணக்காய்வாளர் என்று எல்லாம் சரியாக இருக்கும். பந்து விளையாட மட்டும் வாட்ஸ்அப் குழு போதும் என்று விட்டுவிடுகிறோம். முஹிடின் காலத்துச் சட்டம் எங்கள் சார் கைக்கு வந்து சேர இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

ஏழு பேர் கையெழுத்து, கூட்டக் குறிப்பு, விதிமுறைகள் எல்லாம் தயார் செய்ய நானும் உட்கார்ந்தேன். பொருளாளராக என்னைப் போட்டிருக்கிறார்கள். இப்போதைக்கு இரவு ஏழரை தாண்டினால் இரண்டு பெற்றோர் காரைத் திடலை நோக்கி நிறுத்தி விளக்கைப் போடுவார்கள். அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் ஓடும்போது நிழல் பக்கத்து வீட்டுச் சுவர் வரை நீளும்.

போன வாரம் விதிமுறையை மலாயில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். பதினொரு வயதுப் பெண் ஒருத்தி, குழுவிலேயே வேகமாக ஓடுபவள், பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தாள். 'அக்கா, இதை யாருக்கு அனுப்புறீங்க?' என்றாள். விளையாட்டு அமைச்சில் ஓர் அலுவலகத்துக்கு என்றேன்.

'அமைச்சர் பார்ப்பாரா?'

அவர் பார்க்கமாட்டார், அங்கே வேலை செய்கிற யாராவது பார்ப்பார்கள் என்றேன். கொஞ்சம் யோசித்தாள்.

'அமைச்சர் என்ன விளையாடுவார், அக்கா?'

நான் பதில் தேடுவதற்குள் சார் விசில் ஊதிவிட்டார். ஓடிவிட்டாள்.